எண்ணூறு ஆண்டுப் பழைய ஞாயிற்றுக்கிழமை

மேலக்கண்டம் நெல் விவசாயிகள் சேவைச் சங்கத்தின் மேலாளராக இருந்து இன்று பணி ஓய்வு பெறும் திருமதி ஜெபகுமாரி அவர்களுக்கு, உடன் பணியாற்றுவோர் உவந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

வயலறிந்த வித்தகரே, வரவிலும் செலவிலும் வழுவாதவரே, உரமூட்டைக்கும் உழவர் மனத்துக்கும் ஒரே தராசைப் பிடித்தவரே, கேள்வி கேட்டே இந்தக் கோட்டையைக் கட்டிக் காத்த கோமகளே, வணக்கம்!

இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் குரல் எனக்குக் கேட்டது. "வைகுண்டராஜன், கோட்டையா? சங்கத்துக்கு மேல ஓடுல்லா போட்டிருக்கு. கோட்டை எதுக்காக்கும்?" அம்மணி, பாராட்டு மடல் என்றால் ஒரு கோட்டையாவது இருக்க வேண்டும் என்பது மரபு. மரபு ஏன் அப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்குள் நான் அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறேன். ஆகவே கோட்டை அப்படியே இருக்கட்டும். "தாங்கள்" என்றுதான் எழுத வேண்டும் என்று இளையவர்கள் சொன்னார்கள். இத்தனை வருடம் "நீங்கள்" என்று அழைத்த வாய்க்கு அது வரவில்லை, பொறுத்தருள்க. எழுதியது வயல் மேற்பார்வையாளனாகிய நான், கையெழுத்து எங்கள் எல்லோருடையதும்.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தட்டச்சராக இந்தச் சங்கத்தின் படியேறிய நாள்தொட்டு, பணிவும் துணிவும் பக்கம் பக்கமாய் நடக்க, பொறுமையும் பொறுப்பும் போட்டி போட்டு வளர, பொய்யான கணக்குக்கும் போலியான புகழ்ச்சிக்கும் இடம் கொடாமல் பணியாற்றினீர்கள். இதை எந்த மேலாளருக்கும் எழுதலாம், எழுதியும் இருக்கிறோம். உங்களுக்கே உரியது வேறொன்று. இந்தச் சங்கத்தின் உரக்கிடங்குக் கதவு உள்பக்கமாகத் திறப்பதால் மூட்டை அடுக்க இடம் போகிறதே, ஏன் இப்படி என்று வந்த புதிதில் நீங்கள் கேட்டீர்கள். பெரியவர்கள் அதற்குக் காற்று என்றார்கள், எலி என்றார்கள், வாஸ்து என்றார்கள். நீங்கள் கதவு செய்த ஆசாரியையே தேடிப் போய்க் கேட்டீர்கள். "கீலை மாத்தி அடிச்சிட்டேம்மா. யாரும் கேக்கல்ல, அதனால விட்டுட்டேன்" என்றார் அவர். மறுவாரம் கதவு வெளிப்பக்கம் திறந்தது. அன்றிலிருந்து உங்களைக் கண்டால் பயப்படாத பணியாளர் இங்கே கிடையாது. நீங்கள் திட்டியதே இல்லை. ஆனால் "அது ஏன் அப்படி?" என்று கேட்டுவிட்டு, உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளும் ஆசையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். திட்டு வாங்குவது அதைவிட எளிது.

அந்தக் கேள்விக் குணம் ஒருவருடைய நெல்லைக் கிட்டத்தட்ட மூழ்கடித்ததையும், அதே குணம் அந்த நெல்லை மீட்டதையும் இந்த அவையில் சொல்லாவிட்டால் இந்த மடலுக்குச் சட்டம் போட்டு மாட்டுவதில் பொருளில்லை. அந்த நெல்லுக்குரிய பகவதியப்பன் அண்ணாச்சி இன்று முன்வரிசையில் புது வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சாட்சியாக வைத்துத் தொடர்கிறேன்.

அறுப்புக் காலத்தில் நம் சங்கம் வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பெல்ட் மிஷினை வாடகைக்கு எடுக்கும். சேற்று வயலிலும் இறங்கி அறுக்கும் மிஷின் அது. யார் வயலுக்கு எந்த நாளில் மிஷின் என்பதைக் கணினியில் ஒரே ஷீட்டில் பதிவோம். விவசாயிகளின் பெயர்கள் மேலிருந்து கீழாக இருக்கும். நாள்கள் இடமிருந்து வலமாக, நாளுக்கு ஒரு நெடுவரிசையாக நீளும். அன்றைய அறுப்பு முடிந்ததும் நான் வயலில் நின்று செல்போனிலேயே அந்த நாளுக்கு அடியில் "முடிந்தது" என்று அடிப்பேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாள் போகப் போக ஷீட் வலப்பக்கமாக வளர்ந்துகொண்டே போயிற்று. காலையில் திறந்தால் முடிந்துபோன மாதங்கள்தான் முகத்தில் விழிக்கும். சேறு பட்ட விரலால் திரையைத் தள்ளித் தள்ளி இன்றைய நாளுக்கு வருவதற்குள் மிஷின் டிரைவர் ஒரு பீடியை முடித்துவிடுவார். ஒரு முறை நான் அவசரத்தில் போன மாதத்து நெடுவரிசையைப் பார்த்து, ஏற்கெனவே அறுத்து முடித்த வயலுக்கே மிஷினைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். அந்த வயல்காரர் இப்போதும் என்னைக் கண்டால், "மேற்பார்வை, அறுத்த வயல்ல நிக்க தாளை எப்பம் வந்து அறுப்பீரு?" என்று கேட்கிறார்.

பழைய நாள்களைத் தேர்ந்தெடுத்து மறைக்கும் வசதி ஷீட்டிலேயே உண்டு. கணினிப் பிரிவில் இருக்கும் ஸ்மைலின் தினமும் காலையில் அதைக் கையால் செய்துவந்தாள். நீங்கள் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றீர்கள்.

"ஏட்டி ஸ்மைலின், நாள் மாறினது அதுக்குத் தெரியும்லா? பின்ன அதுவே மறைக்காதா?"

"அதுக்கு ஸ்கிரிப்ட் எழுதணும் மேடம்."

"எழுதினா மறைக்குமா?"

"மறைக்கும்."

"அப்ப எழுதுவோம்."

ஓய்வு பெற நாலைந்து மாதமே இருக்கும் ஒருவர் இதைச் சொல்கிறார் என்று நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. கல்ஃபில் இருக்கும் உங்கள் மகன் ஷிபுகூட, "அம்மா, போகப்போற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று போனில் கேட்டதாகச் சொன்னீர்கள். "அறியண்டாமா மக்கா?" என்று பதில் சொன்னதாகவும் சொன்னீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் வீடியோ பார்த்தீர்கள். பார்த்ததை ஸ்மைலினிடம் கேட்டீர்கள், அவளுக்குத் தெரியாததை இருவரும் சேர்ந்து தேடினீர்கள். கடைசியில் பதினைந்து இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் உருவாயிற்று. ஷீட்டைத் திறந்ததும் அது ஓடும். நெடுவரிசைகளின் தலையில் உள்ள தேதியை ஒவ்வொன்றாகப் பார்க்கும். இன்றைய தேதிக்கு முந்தையது என்றால் அந்த நெடுவரிசையை மறைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

முதல் நாள் திறந்தபோது விவசாயிகளின் பெயர்களைக் காணோம். மிஷின் போகிறது, யாருக்கென்று தெரியாது. நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். உங்களுக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டீர்கள். பெயர்கள் இருந்த நெடுவரிசைக்குத் தலையில் தேதி இல்லை. வெறுமையாக இருந்ததை எல்லாவற்றிலும் பழையது என்று எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் மறைத்திருந்தது. அதைச் சரிசெய்தீர்கள். மறுநாள் பெயர்கள் இருந்தன, இன்றைய நாள் மட்டும் இல்லை. அதற்கும் காரணத்தைப் பிடித்தீர்கள். தேதி என்று மட்டும் எழுதினால் கணினி அதை நள்ளிரவு என்று எண்ணிக்கொள்ளுமாம். நாம் திறப்பது காலையில். ஆக, இன்று என்பதே அதற்குள் பழசாகிவிட்டது. "இன்னைக்கு எப்பம் பழசாகும்னு நான் இதுவரைக்கும் நெனச்சுப் பாத்ததே இல்ல பாத்துக்கிடுங்க" என்று எங்களிடம் வந்து சொன்னீர்கள். ஏதோ பரிசு விழுந்த மாதிரி இருந்தது உங்கள் முகம். மூன்றாம் நாளிலிருந்து ஷீட்டைத் திறந்தால் இன்றைய நாள்தான் முதலில் நின்றது. நான் மனமாரப் பாராட்டினேன். என் விரல்கள் உங்களுக்கு நன்றி சொல்லின.

இப்போது இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் நீங்கள் வைத்ததுதான். விவசாயி எந்த நாளை எந்த முறையில் சொல்கிறாரோ, அதை அப்படியே எழுத வேண்டும். நாமாக வேறு கணக்குக்கு மாற்றி எழுதக்கூடாது, மாற்றினால் ஒரு நாள் தப்பும், பிறகு வாய்க்காலடியில் சண்டை வரும் என்பீர்கள். கோயில் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவர்கள் இங்கே இன்றும் கொல்லம் ஆண்டில்தான் நாள் சொல்வார்கள், ஏனென்றால் பாட்டச் சீட்டில் அப்படித்தான் இருக்கும். ஊர் உலகம் இரண்டாயிரத்து இருபத்தைந்து என்கிற ஆண்டு அந்தச் சீட்டில் ஆயிரத்து இருநூறு. பகவதியப்பன் அண்ணாச்சி மாசி பதினெட்டுக்கு மிஷின் கேட்டுச் சீட்டை நீட்டினார். கொல்லம் ஆண்டு பிறக்கும் ஆவணியிலிருந்து எண்ணினால் மாசி ஏழாவது மாதம். சீட்டில் இருந்தபடியே 18/7/1200 என்று அந்த நாளின் தலையில் ஸ்மைலின் அடித்தாள். முன்பதிவு முறைப்படி நடந்தது, யார் மேலும் குற்றமில்லை.

ஸ்கிரிப்ட் அதைப் பார்த்தது. ஆயிரத்து இருநூறாம் ஆண்டு, ஜூலை மாதம், பதினெட்டாம் தேதி. எண்ணூறு ஆண்டுக்கும் மேல் பழசு. மறைத்துவிட்டது.

அந்த மாசி பதினெட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கத்துக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் ஷீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இடமே கிடையாது. மிஷின் வேறு ஊர் போகும் அவசரத்துக்காக அந்த ஒரு ஞாயிறு மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. அது காணாமல் போனது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. சனிக்கிழமை மதியம் ஷீட்டைப் பார்த்தேன், இனி வேலை இல்லை. மிஷினை லாரியில் ஏற்றச் சொன்னேன். ஆத்தூர்க்கார டிரைவர், ஊருக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்க வடசேரிக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சியின் வயல் கால்வாயின் கடைக்கோடியில், தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. முதல் போகமான கன்னிப்பூவில் தண்ணீர் எட்டாமல் பயிர் கருகியிருந்தது. இரண்டாம் போகமான இந்தக் கும்பப்பூ ஒன்றுதான் அவருக்கு மிச்சம். ஞாயிறு மாலை மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. முற்றிய நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். மிஷின் வரும் என்ற நம்பிக்கையில் அவர் வீட்டில் தார்ப்பாய்க்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கிளம்பக் குடையை எடுத்துவிட்ட நீங்கள், ஸ்மைலினின் திரையில் நெடுவரிசைகளின் உச்சியில் வரிசையாக ஓடும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நின்றுவிட்டீர்கள்.

"ஏட்டி, ஏ.ஜே. இருக்கு, ஏ.எல். இருக்கு. நடுவுல உள்ள ஏ.கே. எங்க?"

"பழசா இருக்கும் மேடம். மறஞ்சிருக்கும்."

"பழசெல்லாம் இடதுபக்கம்லா போகும்? இது வரப்போற நாளுக்கு நடுவுல இருக்கு. வரப்போற நாளு எப்பிடிட்டீ பழசாகும்?"

மணி அடிக்கும் நேரம். வேறு யாராக இருந்தாலும் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார்கள். ஓர் எழுத்து இல்லை, அதனால் என்ன? நீங்கள் குடையை மேசைமேல் வைத்தீர்கள். மறைந்ததை ஸ்மைலின் திறந்தாள். பகவதியப்பன், கோயில் வயல், கடைக்கோடி என்று இருந்தது. அடுத்த நொடி என் போன் அடித்தது.

"வைகுண்டராஜன், மிஷின் போயிட்டா?"

"லாரியில ஏத்தியாச்சு மேடம்."

"விடாதீங்க. பகவதியப்பன் அண்ணாச்சி வயல் நிக்குது."

டிரைவரைத் தேடி வடசேரிச் சந்தைக்குள் பைக்கை விட்டேன். வாழைத்தார்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே ஒரு சிப்ஸ் கடை வாசலில் அவரைப் பிடித்தேன். கையில் பெரிய பொட்டலங்கள். "திங்கக்கிழமை அடுத்த ஊர்ல அறுக்கணும்ணா. ஏத்துனத இறக்க மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றார். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், ஒன்றும் பலிக்கவில்லை. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னீர்கள். நீங்கள் கெஞ்சவில்லை. உங்கள் மிஷின் எவ்வளவு ஆழச் சேறுவரை இறங்கும், சாய்ந்த பயிரை அதன் பல் எப்படித் தூக்கும், பெல்ட் கழன்றால் வயலிலேயே மாட்டிவிட முடியுமா என்று கேட்டீர்கள். அந்த மனிதர் சிப்ஸ் பொட்டலங்களை என் கையில் கொடுத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். இந்த ஊருக்கு எத்தனை வருடமாக வருகிறார், ஒருவரும் அவரிடம் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்டதில்லை. பேசி முடித்துப் போனைத் திருப்பித் தந்தார். "அந்தம்மாவுக்கு நாளைக்கு நேர்லயே காட்டுறேன். எந்த வயலு?" என்றார்.

ஞாயிறு காலை முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு, ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் குடையுமாக வரப்பில் வந்து நின்றீர்கள். மிஷின் இறங்கியது. மதியத்துக்கு மேல் மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. கடைசிப் பாத்தியை அறுத்து, நெல்லைக் கரையேற்றி, தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி முடிக்கும்போது முதல் துளி விழுந்தது. அண்ணாச்சி தார்ப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்தபடி மழையிலேயே நின்றார்.  

நடந்தது முழுவதையும் நீங்களே அவரிடம் சொன்னீர்கள். எங்கள் கணினி உங்கள் நாளை மறைத்துவிட்டது, மிஷின் போகவிருந்தது என்று ஒன்றையும் மூடவில்லை. அவர் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அப்பம் உங்க கம்ப்யூட்டரு என்னைய எண்ணூறு வருசத்துக்கு முன்ன போய்ச் சேந்தவன்னு நெனச்சிட்டோ?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. பாட்டம் கேக்க வாறவங்களுக்கும் அதையே சொல்லிரும்."

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரித்துவிட்டு, "அது சரி, சீட்டுல இன்னும் கொல்லம் ஆண்டு எதுக்காக்கும்?" என்று அவரையே கேட்டீர்கள். "எனக்கு எப்பிடித் தெரியும்? எங்க அப்பனும் கேக்கல்ல" என்றார் அவர். குடைக்குள் நின்று அதையும் யோசித்தீர்கள். விடை கிடைத்ததா என்று இதுவரை எங்களுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை, இனி எல்லா நாளையும் ஆங்கிலத் தேதியிலேயே அடித்துவிடலாம் என்று ஸ்மைலின் சொன்னாள். எளிய வழிதான். நீங்கள் தலையாட்டவில்லை. "அவருக்க நாளை மாத்தாண்டாம் மக்கா. நம்ம கேள்விய மாத்துவோம்." அதுவரை ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நெடுவரிசையிடமும் நாள் கடந்துவிட்டதா என்று மட்டும் கேட்டது. இனி வேலை முடிந்துவிட்டதா என்றும் கேட்க வேண்டும் என்றீர்கள். அடியில் "முடிந்தது" என்ற சொல் இல்லாவிட்டால், நாள் எவ்வளவு பழசானாலும் மறைக்கக் கூடாது. இரண்டு வரி சேர்ந்தது. அன்று முதல் ஒருவருடைய வயலும் எங்கள் கண்ணிலிருந்து தப்பவில்லை. அறுக்காத வயல் ஒவ்வொரு காலையிலும் ஷீட்டின் முதலிடத்தில் நின்று எங்களைப் பார்க்கும்.

அன்பு மேலாளர் அவர்களே, நாளை முதல் எங்கள் தோளுக்குப் பின்னால் வந்து யாரும் நிற்க மாட்டார்கள். இது எங்களுக்குப் பயமாக இருக்கிறது. காணாமல் போன எழுத்தைக் கேட்க ஆள் இல்லாவிட்டால், நாங்கள் மறுபடியும் கிடங்குக் கதவை உள்பக்கமாகத் திறந்துகொண்டு சௌகரியமாக இருந்துவிடுவோமோ என்ற பயம். ஸ்மைலின் சில நாளாகவே என்னிடம் "அது ஏன் அப்படி அண்ணே?" என்று ஆரம்பித்திருக்கிறாள் என்பது ஓர் ஆறுதல், எனக்குத் தொந்தரவும்கூட.

மழைக்கு முன் கரையேறிய நெல்லைப்போல இனிவரும் நாள்கள் உங்களுக்கு நிம்மதியாய் அமையட்டும். கண்ணில் ஒளியும் காலில் வலுவும் குறையாதிருக்கட்டும். கல்ஃபுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பொறுமைசாலியாக வாய்க்கட்டும். நீங்கள் வணங்கும் கர்த்தர் நீண்ட ஆயுளைத் தந்து உங்களைக் காக்கட்டும், அவரிடமும் நீங்கள் நிறையக் கேட்பீர்கள்.

முடிவாக ஒன்று. இன்று காலை ஷீட்டில் உங்களைக் கேட்காமல் ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருக்கிறோம். பகவதியப்பன் அண்ணாச்சி நாள் சொன்னார், வழக்கப்படி அவர் சொன்னபடியே தலையில் 17/10/1200 என்று அடித்தோம். பெயர்: ஜெபகுமாரி. வேலை: விடைபெறுதல். திங்கட்கிழமை காலை ஸ்கிரிப்ட் ஓடும்போது இந்த நாளும் எண்ணூறு ஆண்டுப் பழசாகத் தெரியும். ஆனாலும் மறையாது, ஏனென்றால் அதன் அடியில் "முடிந்தது" என்று நாங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் ஷீட்டைத் திறந்தவுடன் முதலில் உங்கள் பெயர்தான் நிற்கும். எங்களில் யாருக்கும் அந்தச் சொல்லை அங்கே அடிக்கக் கை வராது.

என்றும் உங்கள் கேள்விக்குக் காத்திருக்கும்,
மேலக்கண்டம் நெல் விவசாயிகள் சேவைச் சங்கப் பணியாளர்கள்

மேலக்கண்டம்
31-05-2025
கொல்லம் 1200, வைகாசி 17